என்டிஏ எழுதுவது எப்படி, அது நீதிமன்றத்தில் எதுவரை நிற்கும்: முழுமையான வழிகாட்டி

தொழிலில் ஒரு வரைபடத்தையோ மென்பொருளையோ வாடிக்கையாளர் பட்டியலையோ வெளியாளிடம் காட்ட வேண்டி வந்தால், முதலில் என்டிஏ கையெழுத்தாக வேண்டும் என்று பலருக்கும் தெரியும். ரகசியக் காப்பு ஒப்பந்தம் எனப்படும் அந்த இரண்டு மூன்று பக்கத் தாள் கையில் வந்துவிட்டால் தகவல் பத்திரமாகிவிட்டது என்றும் பலர் நினைக்கிறார்கள். வழக்கு என்று வந்தால்தான் அதன் உண்மையான பலம் தெரியவரும். எது ரகசியம், அதை நீங்களே ரகசியமாக வைத்திருந்தீர்களா என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் இல்லாவிட்டால், எவ்வளவு கடுமையான வாசகம் எழுதியிருந்தாலும் அந்தத் தாள் உங்களுக்கு உதவாது. சில விஷயங்களில் பதில் இருந்தாலும் சட்டம் உங்கள் பக்கம் நிற்காது. ஒரு குற்றத்தை மறைக்க என்டிஏவைப் பயன்படுத்துவது அதில் முக்கியமானது.

அதனால் இந்த வழிகாட்டி கையெழுத்துக்கு முன்னால் தொடங்கி, மீறல் நடந்த பின் செய்ய வேண்டியது வரை போகிறது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். கீழே வரும் தீர்ப்புகள் இந்தியா, இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளைச் சேர்ந்தவை. உங்கள் ஒப்பந்தத்தை உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

படி 1: முதலில் ரகசியத்தைப் பட்டியலிடுங்கள்

அறிவுசார் சொத்துரிமை பற்றிய, உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தம் 1995 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 39ஆவது பிரிவு, பாதுகாப்புக்குரிய தகவலுக்கு மூன்று தகுதிகளைச் சொல்கிறது. அந்தத் துறையில் இருப்பவர்களுக்குப் பொதுவாகத் தெரியாததாக இருக்க வேண்டும். ரகசியமாக இருப்பதாலேயே அதற்கு வணிக மதிப்பு இருக்க வேண்டும். அதைக் கையில் வைத்திருப்பவர் அதைக் காப்பாற்ற நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும். பெரும்பாலான நாடுகளின் சட்டம் இந்த மூன்றையும் ஏதோ ஒரு வடிவில் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

ஒரு தாளை எடுத்து, உங்களிடம் இருப்பதில் எவையெல்லாம் இந்த மூன்று தகுதிகளையும் தாண்டுகின்றன என்று எழுதிப் பாருங்கள். தயாரிப்பு முறை, மூலநிரல், கொள்முதல் விலை, இன்னும் வெளிவராத வடிவமைப்பு, சோதனையில் தோற்றுப்போன முயற்சிகளின் பதிவு இவையெல்லாம் வரலாம். தோல்விப் பதிவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எந்த வழியில் போகக் கூடாது என்று தெரிந்த போட்டியாளருக்கு மாதக்கணக்கில் உழைப்பு மிச்சம் என்பதால், அதற்கும் மதிப்பு உண்டு. உங்கள் இணையதளத்திலேயே இருக்கும் விவரம், கண்காட்சியில் காட்டிய மாதிரி, துறையில் எல்லோரும் செய்யும் நடைமுறை ஆகியவற்றை அடித்துவிடுங்கள். நேர்மையாக எழுதினால் பட்டியல் சுருங்கிப்போகும். சுருங்கிய பட்டியல்தான் வழக்கில் பலமானது.

எழுத்தில் ஒப்பந்தமே இல்லாவிட்டாலும் சில நேரம் பாதுகாப்பு கிடைக்கும். 1960களின் இறுதியில் இங்கிலாந்தில், மொபெட் என்ஜின் ஒன்றைப் பற்றி எழுந்த கோகோ எதிர் கிளார்க் வழக்கில் நீதிமன்றம் மூன்று அம்சங்களை வரையறுத்தது. தகவலுக்கு ரகசியத் தன்மை இருக்க வேண்டும், நம்பிக்கையின் பேரில் சொல்லப்படுகிறது என்று கேட்பவருக்குப் புரியும் சூழலில் அது சொல்லப்பட்டிருக்க வேண்டும், அனுமதி இல்லாமல் அது பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும். ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் இன்றும் இதை மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அந்த வழக்கைத் தொடுத்தவருக்கே அவர் கேட்ட தடை உத்தரவு கிடைக்கவில்லை. எந்தத் தகவல் தனக்கு மட்டும் உரியது என்பதை அவரால் தெளிவாகக் காட்ட முடியவில்லை. எழுத்தில் ஒப்பந்தம் இருப்பதன் பெரிய பலன் இந்தத் தெளிவுதான்.

படி 2: யார் யாருக்குச் சொல்கிறார்கள், எதற்காக

நீங்கள் மட்டும் தகவல் தருகிறீர்கள் என்றால் ஒருவழி ஒப்பந்தம் போதும். கூட்டாகச் சேர்ந்து ஒரு பொருளை உருவாக்கப்போகிறீர்கள் என்றால் இருவழி ஒப்பந்தம் வேண்டும். இருவழி ஒப்பந்தத்தில் மற்றவருக்கு நீங்கள் போடும் ஒவ்வொரு நிபந்தனையும் உங்களையும் கட்டும் என்பதால், இரண்டு தரப்பும் நிதானமாக எழுதுவார்கள். எனக்கு இதுதான் பிடித்த வடிவம்.

கையெழுத்து போடுகிறவருக்கு அந்த நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திட அதிகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். கூட்டத்துக்கு வந்த மேலாளர் தன் பெயரில் போட்ட கையெழுத்து அவருடைய நிறுவனத்தைக் கட்டாமல் போகலாம். தாய் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, வேலை நடப்பது துணை நிறுவனத்தில் என்றால் துணை நிறுவனமும் ஆலோசகர்களும் அதற்குள் வருகிறார்களா என்று பாருங்கள். இந்தியாவில் என்றால் முத்திரைக் கட்டணத்தையும் கவனியுங்கள். 1899ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின்படி, போதிய முத்திரை இல்லாத ஆவணத்தை, குறையையும் அபராதத்தையும் கட்டும்வரை சாட்சியமாக ஏற்க மாட்டார்கள். அவசரமாகத் தடை உத்தரவு கேட்டு நிற்கும் நாளில் இது பெரிய தலைவலி.

முதலீட்டாளர்கள் பலர் முதல் சந்திப்பில் என்டிஏ போட மறுப்பார்கள். ஒரே மாதிரியான யோசனைகளைப் பலரிடம் கேட்கிறவர்கள் என்பதால் அவர்களின் தயக்கம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். அங்கே சண்டை போட வேண்டாம். என்ன பிரச்சினையைத் தீர்க்கிறீர்கள், எவ்வளவு சந்தை இருக்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள். எப்படிச் செய்கிறீர்கள் என்பதைப் பேச்சு முன்னேறிய பின், ஒப்பந்தத்தோடு திறந்து காட்டுங்கள்.

படி 3: வரையறையில் நேரம் செலவிடுங்கள்

என்டிஏவின் உயிர் “ரகசியத் தகவல் என்றால் என்ன” என்ற பத்தியில் இருக்கிறது. நகல் எடுத்த மாதிரிகளில் “இரு தரப்பும் பகிரும் எல்லாத் தகவலும்” என்று இருக்கும். பார்க்க வசதியாகத் தெரியும். ஆனால் எல்லாமே ரகசியம் என்று எழுதினால், எதைக் கேட்டு வழக்குப் போடுகிறீர்கள் என்று நீதிபதி திரும்பக் கேட்பார். கலிபோர்னியா மாநிலச் சட்டத்தில், வணிக ரகசிய வழக்குப் போட்டவர் எதிர்த்தரப்பின் ஆவணங்களைக் கேட்பதற்கு முன்பே தன் ரகசியம் எது என்று போதிய நுட்பத்தோடு அடையாளம் காட்டியாக வேண்டும். “பட்டியல் அ-வில் உள்ள வார்ப்பு அச்சு வரைபடங்கள், அவற்றின் வெப்பநிலை அட்டவணை, சப்ளையர்களின் விலைப்பட்டியல்” என்று எழுதுங்கள். அதன் பிறகு, அதே வகையைச் சேர்ந்த மற்றவையும் அடங்கும் என்று ஒரு வரி சேர்க்கலாம்.

அடுத்தது ‘ரகசியம்’ என்று முத்திரை குத்தும் நிபந்தனை. “ரகசியம் என்று குறிக்கப்பட்டவை மட்டுமே பாதுகாக்கப்படும், வாயால் சொன்னவற்றை இத்தனை நாளுக்குள் எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும்” என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். தகவல் பெறுகிறவருக்கு இது நியாயமான பாதுகாப்பு. தகவல் தருகிறவருக்கு இது ஆபத்து. அமெரிக்காவில் 2013இல் முடிவான கன்வால்வ் எதிர் காம்பாக் வழக்கைப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க் தொழில்நுட்பம் பற்றிப் பேச்சு நடந்தது. வாயால் சொன்னதை 20 நாளுக்குள் எழுத்தில் ரகசியம் என்று உறுதிப்படுத்த வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னது. கன்வால்வ் அப்படி எழுதி அனுப்பாத தகவல்கள் இருந்தன. பேசியதெல்லாம் ரகசியம்தான் என்று இரு தரப்புக்கும் தெரியும் என்று அந்த நிறுவனம் வாதாடியது. நீங்களே ஒப்புக்கொண்ட நடைமுறையை நீங்களே பின்பற்றவில்லை என்று சொல்லி, அந்தத் தகவல்களுக்கு நீதிமன்றம் பாதுகாப்புத் தர மறுத்துவிட்டது.

இதனால் என் ஆலோசனை: தகவல் தருகிற பக்கம் இருந்தால், “குறிக்கப்பட்டவை, அல்லது சூழலைப் பார்த்தால் ரகசியம் என்று ஒரு நியாயமான மனிதருக்குப் புரியக் கூடியவை” என்று எழுதுங்கள். அப்படி எழுதிவிட்டு, முடிந்தவரை எல்லாவற்றிலும் முத்திரையும் குத்துங்கள். ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: இன்று இந்த மூன்று விஷயங்களைக் காட்டினோம், இவை நம் ஒப்பந்தத்தின் கீழ் வருபவை. நான்கு வரி போதும்.

படி 4: மற்ற ஷரத்துகள்

நோக்கத்தைக் குறுகலாக எழுதுங்கள். “இரு நிறுவனங்களின் வணிக உறவுக்காக” என்பதை விட “இந்த இயந்திரத்தை உற்பத்தி செய்யும் செலவை மதிப்பிடுவதற்காக மட்டும்” என்பது பல மடங்கு பலமானது. மீறல்கள் பலவும் வெளியே சொல்வதால் நடப்பதில்லை, வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்துவதால் நடக்கின்றன.

விலக்குகள் வழக்கமாக நான்கு: ஏற்கெனவே பொதுவில் இருப்பது, பெறுகிறவருக்கு முன்பே தெரிந்திருந்தது, நேர்மையான மூன்றாம் ஆளிடமிருந்து கிடைத்தது, அவர் தானாகவே உருவாக்கியது. இவை இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள், மற்றவரிடமும் கேட்காதீர்கள். சந்தையில் வாங்கிய பொருளைப் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடிப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016ஆம் ஆண்டு வணிக ரகசிய நெறிமுறைப்படி நேர்மையான வழிதான். அது கூடாது என்றால் ஒப்பந்தத்தில் தனியாக எழுத வேண்டும்.

காலம் பற்றிக் கொஞ்சம் யோசியுங்கள். இரண்டு முதல் ஐந்து ஆண்டு என்று போடுவது வழக்கம். விலைப்பட்டியலுக்கு அது தாராளம். ஆனால் ஒரு தயாரிப்பு முறைக்கு ஐந்து ஆண்டு என்று எழுதினால், ஆறாவது ஆண்டில் அதை வெளியிட நீங்களே அனுமதி கொடுத்ததாக ஆகும். சாதாரணத் தகவலுக்கு ஒரு காலவரை, வணிக ரகசியத்துக்கு அது ரகசியமாக இருக்கும்வரை என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்.

“நினைவில் தங்கியது” பற்றி ஒரு ஷரத்து சில பெரிய நிறுவனங்களின் மாதிரியில் இருக்கும். அவர்களின் ஊழியர் குறிப்புகளின் உதவியின்றி நினைவில் வைத்திருப்பதை எதற்கும் பயன்படுத்தலாம் என்று அது சொல்லும். உங்கள் ரகசியம் ஒரு வரியில் சொல்லிவிடக் கூடியது என்றால், அந்த ஒரு ஷரத்து மொத்த ஒப்பந்தத்தையும் காலி செய்துவிடும். அதை நீக்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் திருப்பித் தருவது அல்லது அழிப்பது, பேக்கப் நகல்கள் என்ன ஆகும், செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் ஆவணத்தை ஏற்றலாமா கூடாதா, எந்த நாட்டுச் சட்டம், எந்த நீதிமன்றம் ஆகியவையும் எழுத்தில் இருக்க வேண்டும். மற்றவர் வெளிநாட்டில் இருந்தால், உங்கள் ஊர் நீதிமன்றத் தடை உத்தரவை அங்கே செயல்படுத்துவது கடினம். நீதிமன்றத்துக்குப் பதில் இரு தரப்பும் ஏற்ற நடுவர் தரும் தீர்ப்பை (ஆர்பிட்ரேஷன்) 1958ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையின் கீழ் மற்ற நாடுகளில் செயல்படுத்த வழி உண்டு. அதனால் ஆர்பிட்ரேஷன் ஷரத்து போடுங்கள், ஆனால் அவசரத் தடைக்கு நீதிமன்றம் போகும் உரிமையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: கையெழுத்துக்குப் பிறகுதான் உண்மையான வேலை

2014இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று என்குளோஷர்ஸ் எதிர் பிளாக் வழக்கில் கொடுத்த தீர்ப்பை ஒவ்வொரு சிறு தொழில்முனைவோரும் தெரிந்துகொள்ள வேண்டும். டேப்லெட்டுகளுக்கான உலோக உறையை வடிவமைத்த நிறுவனம், தயாரிப்பாளரோடு என்டிஏ போட்டிருந்தது. உறவு முறிந்ததும் வழக்கு. நீதிமன்றம் என்ன கண்டது? வரைபடங்களில் ரகசியம் என்ற குறிப்பு இல்லை. அவை பூட்டி வைக்கப்படவில்லை. கணினியில் யார் திறக்கலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை. வரைபடங்களைப் பார்த்த மற்றவர்களிடம் ஒப்பந்தமும் வாங்கவில்லை. தன் தகவலைத் தானே காப்பாற்றாதவருக்காக அந்த ஒப்பந்தத்தைச் செயல்படுத்த முடியாது என்று முடிவானது. அவர்களிடம் என்டிஏ இருந்தும் தோற்றார்கள்.

ஆகவே யாரிடம் எந்தக் கோப்பு, எந்தத் தேதியில் போனது என்று பதிவு வையுங்கள். கோப்புகளைத் திறக்கும் உரிமையைத் தேவையானவருக்கு மட்டும் கொடுங்கள். பதிவிறக்கங்களின் லாக், அதாவது யார் எப்போது எதை இறக்கினார் என்ற கணினிப் பதிவு, சேமிக்கப்படுகிறதா என்று பாருங்கள். ஓட்டுநரில்லாக் கார் நிறுவனமான வேமோ தொடுத்த வேமோ எதிர் ஊபர் வழக்கில், வேலையை விட்டுப் போகுமுன் ஒரு பொறியாளர் 14,000க்கும் மேற்பட்ட கோப்புகளைப் பதிவிறக்கினார் என்ற குற்றச்சாட்டு லாக் பதிவுகளின் மேல்தான் நின்றது. 2018இல் சுமார் 24.5 கோடி டாலர் மதிப்புள்ள ஊபர் பங்குகளை வேமோ தரப்புக்குக் கொடுப்பதோடு அது சமரசத்தில் முடிந்தது.

சட்டம் எங்கே கைவிடும்

முதல் எல்லை, மனிதரின் திறமை. ஒருவர் உங்களிடம் வேலை செய்து கற்ற கைப்பழக்கமும் அனுபவமும் அவருடையவை. 1986இல் இங்கிலாந்தின் ஃபாசெண்டா சிக்கன் வழக்கில், முன்னாள் விற்பனை மேலாளர் போட்டித் தொழில் தொடங்கினார். வாடிக்கையாளர்களின் பெயர், வண்டி போகும் வழி, விலை ஆகியவற்றை அவர் பயன்படுத்தியதைத் தடுக்க முடியாது, அவை வணிக ரகசியம் என்ற உயரத்தை எட்டவில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ஊழியரோடு தனிக் கட்டுப்பாடு எதுவும் ஒப்பந்தத்தில் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

அதற்காக என்டிஏவுக்குள் “வேலையை விட்ட பிறகு இந்தத் துறையிலேயே வேலை செய்யக் கூடாது” என்று செருகினால் தீர்ந்துவிடுமா? இந்தியாவில் தீராது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தத்தை அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. வேலையில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாட்டை உச்ச நீதிமன்றம் 1967இல் கோலிகாரி வழக்கில் ஏற்றது. வேலைக்குப் பிந்தைய தடையை 1980இல் சூப்பரின்டெண்டன்ஸ் கம்பெனி வழக்கில் ஏற்கவில்லை. கலிபோர்னியாவும் இதே பாதைதான். ரகசியத்தை வெளியிடாதே என்று சொல்லலாம், பிழைப்பையே நடத்தாதே என்று சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ரகசியம் என்று வரையறுத்து, வேறு எங்கும் வேலை செய்யவே முடியாதபடி ஆக்கினாலும் நீதிமன்றம் அதைப் போட்டித் தடை என்றே பார்க்கும் வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது எல்லைதான் எனக்கு மிக முக்கியமானது. தவறை மறைக்கும் உரிமை எந்த ஒப்பந்தத்துக்கும் இல்லை. 1850களிலேயே, கார்ட்சைட் எதிர் அவுட்ரம் வழக்கில், முறைகேட்டை வெளிப்படுத்துவதில் ரகசியக் கடமை கிடையாது என்ற கருத்து ஆங்கிலேயச் சட்டத்தில் பதிந்தது. இன்று இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைச் சட்டத்தின் 43ஜெ பிரிவு, பாதுகாக்கப்பட்ட முறையில் தவறை வெளிப்படுத்துவதைத் தடுக்கும் ஷரத்து செல்லாது என்கிறது. அமெரிக்காவில் 2016ஆம் ஆண்டு வணிக ரகசியப் பாதுகாப்புச் சட்டம், சட்டமீறலைப் புகார் செய்வதற்காக மட்டும் அரசு அதிகாரியிடமோ வழக்கறிஞரிடமோ நம்பிக்கையோடு ரகசியத்தைச் சொன்னவருக்குப் பாதுகாப்பு தருகிறது. இந்தப் பாதுகாப்பைப் பற்றி ஊழியரின் ஒப்பந்தத்தில் அறிவிக்காத நிறுவனம், அவரிடம் தண்டனை இழப்பீடும் வழக்கறிஞர் செலவும் கேட்க முடியாது. பாலியல் துன்புறுத்தல் பற்றி, பிரச்சினை எழுவதற்கு முன்பே வாங்கிய வாய்ப்பூட்டு ஒப்பந்தங்களை 2022ஆம் ஆண்டு சட்டம் ஒன்று அங்கே செயலிழக்கச் செய்தது.

மிரட்டும் வாசகம் மட்டுமே தண்டனைக்குப் போதும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2015இல் கேபிஆர் நிறுவனத்துக்கு அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 1,30,000 டாலர் அபராதம் விதித்தது. உள் விசாரணையில் சாட்சி சொல்லும் ஊழியர்கள், நிறுவனத்தின் சட்டத் துறையின் அனுமதி இல்லாமல் அதைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்ற படிவத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். யாராவது உண்மையில் தடுக்கப்பட்டார்கள் என்பதற்கு ஆணையத்திடம் சான்று இல்லை. படிவத்தின் வாசகமே போதுமானதாக இருந்தது. ஆகவே உங்கள் ஒப்பந்தத்தில் “சட்டப்படி உரிய அதிகாரிகளிடம் புகார் செய்வதையோ, நீதிமன்ற உத்தரவுக்குக் கட்டுப்படுவதையோ இந்த ஒப்பந்தம் தடுக்காது” என்று தெளிவாக எழுதிவிடுங்கள். கையெழுத்துப் போடுகிறவராக இருந்தாலும் அந்த வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, பணம். “மீறினால் ஒரு கோடி” என்று எழுதினால் ஒரு கோடி வந்துவிடாது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவுப்படி ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான். நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். நஷ்டத்தை நிரூபிக்க முடிகிற இடத்தில் நிரூபித்தாக வேண்டும் என்று 2015இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. இங்கிலாந்தில் அதே ஆண்டு கேவண்டிஷ் வழக்கில், காப்பாற்றப்படும் நியாயமான நலனுக்குச் சற்றும் பொருந்தாத தொகை அபராதமாகக் கருதப்பட்டு நிற்காது என்றார்கள். தொகை போடுவதானால், எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே இரண்டு வரி எழுதுங்கள்.

நான்காவது, அரசோடு தொழில் செய்பவர்களுக்கு. இந்தியத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 8(1)(ஈ) பிரிவில் வணிக ரகசியத்துக்கு விலக்கு தருகிறது. ஆனால் பெரிய பொதுநலன் கோரினால் அது வெளியிடப்படலாம்.

மீறல் நடந்துவிட்டால்

வேகம் முக்கியம். தடை உத்தரவு கேட்கிறவர் தாமதித்தால், அவ்வளவு அவசரம் இல்லை போலிருக்கிறது என்று நீதிமன்றம் நினைக்கும். முதல் நாளே ஆதாரங்களைப் பத்திரப்படுத்துங்கள்: லாக், மின்னஞ்சல், சம்பந்தப்பட்டவர் பயன்படுத்திய உங்கள் நிறுவனக் கணினியின் நகல். மறுபக்கத்தின் கணக்குகளுக்குள் நீங்களே நுழைந்து பார்க்காதீர்கள், அது உங்களைக் குற்றவாளியாக்கும்.

அடுத்து வக்கீல் நோட்டீஸ். எந்தத் தகவல், எந்த ஷரத்து, என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளில் என்று நிதானமாக எழுதச் சொல்லுங்கள். தகவல் ஒரு மூன்றாவது நிறுவனத்திடம் போயிருந்தால் அவர்களுக்கும் அனுப்புங்கள். ஒப்பந்தத்தில் இல்லாதவரை ஒப்பந்தம் கட்டாது. ஆனால் அது ரகசியம் என்று தெரிந்த பிறகும் பயன்படுத்தினால் அவர் மேலும் பொறுப்பு வரும். நோட்டீஸ்தான் அந்தத் ‘தெரிந்திருந்தது’ என்பதற்குச் சான்று.

இடைக்காலத் தடைக்கு மூன்று விஷயங்களைக் காட்ட வேண்டியிருக்கும்: வழக்கில் முதல் பார்வைக்கே வலு இருக்கிறது, தடை தராவிட்டால் பணத்தால் ஈடுகட்ட முடியாத சேதம் வரும், இரு தரப்பு வசதிகளையும் எடைபோட்டால் உங்கள் பக்கம் சாய்கிறது. தகவல் ஏற்கெனவே இணையத்தில் பரவிவிட்டால் தடைக்குப் பொருள் குறைந்துவிடும். அப்போதும், ரகசியத்தை முறைகேடாகப் பெற்றவர் அதனால் மற்றவர்களை விட முந்திக்கொண்ட அளவு காலத்துக்கு அவரைத் தடுக்க, இங்கிலாந்து நீதிமன்றங்கள் 1959இன் டெராபின் வழக்கிலிருந்து ஒரு வழி வைத்திருக்கின்றன.

வழக்குப் போடும்போது ரகசியத்தையே நீதிமன்ற ஆவணத்தில் எழுத வேண்டி வரும். மூடிய உறையில் தாக்கல் செய்யவும், இரு தரப்பு வழக்கறிஞர்களும் நிபுணர்களும் மட்டும் பார்க்கவும் முதல் மனுவிலேயே அனுமதி கேளுங்கள். மனு பொதுப் பதிவுக்குப் போன பிறகு கேட்டுப் பயனில்லை.

பெரும்பாலான வழக்குகள் சமரசத்தில் முடிகின்றன. சமரசம் எழுதும்போது, எந்தக் கோப்புகள் எந்தக் கருவிகளிலிருந்து அழிக்கப்பட்டன என்று பிரமாணப் பத்திரமும், அதை ஒரு சுயேச்சையான நிபுணர் சரிபார்க்கும் உரிமையும் வாங்குங்கள். பணத்தொகையைப் பற்றி மணிக்கணக்கில் பேசிவிட்டு இந்த இரண்டையும் விட்டுவிடுகிறவர்கள் உண்டு, கோப்பு அப்படியே அங்கேயே இருக்கும்.